வீட்டுக் காற்றும் வடிகட்டியும்



வீட்டிற்குள் வைத்துக்கொள்ளும் காற்று வடிகட்டியைச் சில ஆண்டுகளுக்கு முன்வரை தில்லி நகரத்தார்க்கே உரிய பண்டம் என்று நாம் எண்ணியிருந்தோம். இன்று சென்னைக் கடைத்தெருவிலும் அது வரிசை வரிசையாக வீற்றிருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. அரை லட்சத்திற்கும் கிடைக்கிறது. எதை வாங்கலாம் என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன்னர், நாம் குடியிருக்கும் தெருவின் காற்று எத்தகையது என்று அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

காற்றை வடிகட்டுவது புதிய எண்ணம் அன்று. ஜான் டிண்டல் என்னும் இயற்பியல் அறிஞர் 1870ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில், இருட்டறைக்குள் ஓர் ஒளிக்கற்றையைச் செலுத்தி, தூயது என்று நாம் நம்பும் காற்றிலே எண்ணற்ற தூசிகள் மிதப்பதைக் காட்டினார். பின்னர் அவரே, புகைக்குள் புகுந்து பணியாற்றும் தீயணைப்பு வீரர்களுக்காக ஒரு மூச்சுக் கவசம் அமைத்தார். அதில் கிளிசரின் தோய்த்த பஞ்சும் இருந்தது, மரக்கரியும் இருந்தது. பஞ்சு துகளைத் தடுத்தது. கரி நச்சு ஆவியை ஈர்த்துக்கொண்டது. இன்றைய வடிகட்டியைத் திறந்து பாருங்கள். மடிப்பு மடிப்பான ஒரு தாளும், அதன் பின்னே கரி நிறைந்த ஓர் அடுக்கும் இருக்கும். டிண்டலின் பஞ்சும் கரியுமே வேறு உருவில் அங்கே அமர்ந்திருக்கின்றன.

அந்த மடிப்புத் தாளுக்கு ‘ஹெபா’ என்று பெயர். அணுகுண்டு ஆராய்ச்சி நடந்த 1940களில், கதிரியக்கத் துகள்கள் வெளியேறாமல் தடுப்பதற்காக அமெரிக்காவில் உருவானது அது. இதைச் சல்லடை என்று எண்ணுவோர் பலர். சல்லடையானால், துகள் சிறுக்கச் சிறுக்க எளிதில் நழுவிச் செல்ல வேண்டும் அன்றோ? அப்படி நிகழ்வதில்லை. பெரிய துகள், காற்று வளைந்து செல்லும் இடத்தில் தானும் வளைய மாட்டாமல் இழையில் போய் மோதிக்கொள்கிறது. மிகச் சிறிய துகளோ, காற்றின் மூலக்கூறுகள் இடித்துத் தள்ளுவதால் தள்ளாடித் தள்ளாடிச் சென்று, ஏதேனும் ஓர் இழையில் ஒட்டிக்கொள்கிறது. இடைப்பட்ட அளவே பிடிபடாமல் தப்பும் அளவு, ஏறத்தாழ 0.3 மைக்ரான். ஆகவேதான் அந்த அளவை வைத்தே தாளைச் சோதிக்கிறார்கள். அதில் 99.97 சதவீதத்தைத் தடுத்தால்தான் அமெரிக்க முறைப்படி அது ஹெபா. ‘99.9 சதவீதம் தூய்மை’ என்று விளம்பரத்தில் கண்டால், எந்த அளவுத் துகளில் என்று கேளுங்கள். அளவு சொல்லாத சதவீதத்திற்கு என் வகுப்பில் நான் மதிப்பெண் கொடுத்ததில்லை.

துகளைப் பிடிக்கும் தாள் ஆவியைப் பிடிக்காது. ஊரின் காற்றைப் பார்த்து வடிகட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் கூறுவது இதனால்தான். சென்னையிலேயே வேளச்சேரிச் சாலையோரத்து வீட்டிற்குப் பகை, வாகனப் புகையும் சாலைப் புழுதியும். மணலி, எண்ணூர்ப் பக்கத்து வீட்டிற்கோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் நிலக்கரி எரிக்கும் மின் நிலையமும் அண்டை அயல். கந்தகம் கலந்த எரிபொருள் எரிந்தால் கந்தக டை ஆக்ஸைடு பிறக்கும். அதைத் தாள் தடுக்காது. அங்கே கரி அடுக்கு கனமாக இருத்தல் வேண்டும். கரியைத் தூவிய மெல்லிய துணி விரைவில் நிறைந்து பயனற்றுப்போகும்.

தெருவின் காற்றை அறிவது எவ்வாறு? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றுத் தரக் குறியீடு ஒன்றை வெளியிட்டு வருகிறது. கைப்பேசியிலேயே பார்க்கலாம். எட்டு மாசுகளுக்கு உரிய குறியீடுகளில் மிக மோசமானது எதுவோ அதுவே அன்றைய குறியீடு. எனவே எண்ணை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாமல், அந்த எண்ணுக்குக் காரணமான மாசு எது என்றும் பாருங்கள். பி.எம். 2.5 என்று இருந்தால் ஹெபா போதும். அது தலைமயிரின் குறுக்களவில் முப்பதில் ஒரு பங்கும் அதற்குக் குறைவும் ஆன துகள். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. குறியீடு 100 வரை ‘திருப்தி’ என்பார்கள். அந்த நூறு, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் பி.எம். 2.5ஐக் குறிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாளைக்கு வகுத்த அளவு 15. மூச்சுத் தொல்லை உள்ள குழந்தை இருக்கும் வீட்டார், ‘திருப்தி’ என்ற சொல்லைக் கண்டு திருப்தி அடைந்துவிடலாகாது.

என் பழைய மாணவர் ஒருவர், திருவொற்றியூரில் குடியிருப்பவர், ஒரு ஜனவரி மாதத்தில் விளம்பரத் தாளுடன் என்னிடம் வந்தார். ஒன்பது வயது மகளுக்கு ஆஸ்துமா. இரவெல்லாம் இருமல். வட்டிக்குக் கடன் வாங்கியாவது விலை உயர்ந்த கருவியை வாங்கிவிடத் துணிந்திருந்தார்.

“சார், இதை வாங்கிவிட்டால் இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?” என்று கேட்டார்.

“தம்பி, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதே” என்றேன்.

பிறகு அவர் வீட்டைப் பற்றி விசாரித்தேன். குழந்தை படுக்கும் அறையிலே, ஜன்னலைச் சாத்திவிட்டு, இரவு முழுவதும் கொசுவர்த்திச் சுருள் எரிகிறதாம்! ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவிற்குச் சமம் என்று 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று கூறுகிறது. வெளியே உள்ள ஆலைப் புகையை நொந்துகொண்டு, உள்ளே ஓர் ஆலையை அவர் நடத்திக்கொண்டிருந்தார். முதலில் கொசுவலை வாங்கச் சொன்னேன். கடன் வாங்கத் தேவையில்லாத செலவு அது. சில வாரங்களில் இருமல் குறைந்தது என்றார். அதற்குள் பனிக்காலமும் கழிந்துவிட்டபடியால், கொசுவலையே காரணம் என்று அறிவியல் பயிலும் நீங்கள் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

கருவியையும் பின்னர் வாங்கினார். அதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டோம். அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். ஆக 1200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை அந்தக் காற்று முழுவதும் வடிகட்டப்பட வேண்டுமானால், மணிக்கு 170 கன மீட்டர் தூய காற்று தேவை. இதைச் ‘சி.ஏ.டி.ஆர்.’ என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் இருந்த நடுத்தர விலைக் கருவியே போதுமானதாயிற்று. விளம்பரத் தாளில் இருந்ததோ மண்டபத்திற்கு ஏற்றது.

ஜன்னல் திறந்திருந்தால் கருவி வீண். ஆயினும் அடுப்பு எரியும்பொழுது ஜன்னலை மூடலாகாது. கார்பன் மோனாக்ஸைடைத் தாளும் தடுக்காது, கரியும் தடுக்காது. போகி விடியற்காலை போன்ற வேளைகளில் மூடிக்கொள்ளலாம். 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையினால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க இயலாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. ஓசோன் உண்டாக்கிக் காற்றைத் தூய்மை செய்வதாகக் கூறும் கருவியை வீட்டிற்குள் சேர்க்காதீர்கள். ஓசோன் நுரையீரலைப் புண்படுத்துவது. பூந்தொட்டிகள் போதுமே என்பாரும் உளர். தொட்டி வையுங்கள், கண்ணுக்கு அழகு. காற்றைத் தூய்மை செய்வதில் ஜன்னலுக்கு ஈடாக வேண்டுமானால், சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019இல் ஆய்வாளர் கணக்கிட்டனர். பின்பு நாம் படுப்பது எங்கே?

கைத்திறன் உள்ள கல்லூரி மாணவர்கள், ஒரு மின்விசிறியையும் நான்கு வடிகட்டித் தாள்களையும் பெட்டிபோல் இணைத்துத் தாமே கருவி செய்யலாம். 2020இல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் என்னும் இரு அமெரிக்கர்கள் காட்டிய வழி இது. வாங்கினாலும் செய்தாலும், தாளைப் பொருத்திய தேதியை அதன் விளிம்பில் பென்சிலால் எழுதிவையுங்கள். முன்புறத்து வலையைக் கழுவலாம். ஹெபா தாளை, கழுவலாம் என்று செய்தவரே சொன்னாலன்றிக் கழுவலாகாது. பழைய தாளைக் கழற்றும்பொழுது மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில் கழற்றி, உடனே ஒரு பைக்குள் இட்டுக் கட்டிவிடுங்கள்.