கண்ணாடிப் பழுதுக்கு ஏற்ற கைவிளக்கு

1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு அருகே வளர்ந்த ஊர் பாயான் பாரு. தோட்டத்திலிருந்து அங்கே செல்லும் நம் பிள்ளைகள், காரின் முன்கண்ணாடியைப் பழுதுபார்க்கும் சிறுதொழிலையும் கற்கலாம்.

கல் தெறித்த பள்ளத்தில் பிசினை நிரப்பி, புற ஊதாக் கதிர் படச் செய்தால் அது இறுகும். வெயிலிலும் அக்கதிர் உண்டு. ஆனால் வெயிலில் வேலை செய்தால், விரிசலுக்குள் இறங்குமுன்பே பிசின் இறுகிவிடும். மழைநாளிலோ இறுகத் தாமதமாகும். ஆகவே நிழலில் நிரப்பி, விளக்கால் இறுக்குகிறோம்.

விளக்கு வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. பல பிசின்களுக்கு 365 நானோமீட்டர் கதிர் வேண்டும். அது கண்ணுக்கு மங்கலாகவே தெரியும். 395 என்று குறித்த விளக்கு ஊதா நிறத்தில் பளிச்சிடும். ஆனால் அந்தப் பிசினைச் சரியாக இறுக்காமல் போகலாம். அரைகுறையாக இறுகினால், ஓட்டத்தின் அதிர்ச்சியில் விரிசல் நீளும். ஓட்டுநரின் பார்வை மறையும். எனவே பிசின் புட்டியிலுள்ள எண்ணும் விளக்கிலுள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்போம்.

விளக்கின் ஒளி விரிசல் முழுவதையும் மூட வேண்டும். கண்ணாடியில் ஒட்டி நிற்கும் உறிஞ்சுபிடி இருந்தால் கைக்கு ஓய்வு. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் காப்புக்கண்ணாடி அணிவோம். குழந்தைகளை அருகில் விடாதிருப்போம். மங்கலாகத் தெரிந்தாலும் அது கண்ணைக் கெடுக்கும்.