பழைய கடைசல் பொறியும் புதிய மோட்டாரும்



பட்டறைகளில் லேத் என்று வழங்கும் கடைசல் பொறியை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். இரும்புத் தடி சுழலும். உளி அதன் ஓரமாக மெல்ல நகர்ந்து சீவிச் செல்லும். மேசைமேல் வைத்து இயக்கும் சிறிய பொறிகள் பல முன்னாளில் காலால் மிதித்து ஓட்டப்பட்டன. பெரிய தொழிற்சாலைகளிலோ, கூரையின்கீழ் நீண்ட தண்டு ஒன்று நீராவி எந்திரத்தால் சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு பொறிக்கும் ஒரு தோல்வார் இறங்கும். அத்தண்டுகளின் காலம் முடிந்து நெடுநாளாயிற்று. ஆயினும் அக்காலப் பொறிகள் சில பள்ளிக் கைத்தொழில் அறைகளின் மூலையிலும் பழைய இரும்புக் கடைகளிலும் இன்னும் கிடக்கின்றன. அத்தகைய பொறிக்கு மோட்டார் பொருத்துவது எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஒரு மிதிபொறிக்கு மாணவர்களும் நானும் சேர்ந்து இவ்வேலையைச் செய்தோம். அளவுகளை அதிலிருந்தே தருகிறேன்.

"மோட்டாரைப் பொறியோடு நேரே பூட்டிவிட்டால் என்ன, ஐயா?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். இதற்குக் கணக்கே விடை சொல்லும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்திற்கு ஏறக்குறைய 1440 சுற்றுச் சுற்றும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தடியின் சுற்றளவு 157 மில்லிமீட்டர். ஆகவே அதன் மேற்பரப்பு நிமிடத்திற்கு 226 மீட்டர் ஓடும். ஹைஸ்பீடு எஃகு உளி சாதாரண இரும்புத் தடியை வெட்டத்தக்க வேகமோ 25 முதல் 30 மீட்டர் வரைதான். உளிமுனை கருகி மழுங்கிவிடும். உளியையேனும் மறுபடி தீட்டிக்கொள்ளலாம். மெதுவாக ஓடுவதற்கென்று அமைந்த பழைய வெண்கலப் புஷ்கள் தேய்ந்தால் பொறியின் உயிரே போயிற்று எனலாம்.

ஆதலால் மோட்டாருக்கும் பொறிக்கும் நடுவே ஓர் இடைத்தண்டு வேண்டும். மோட்டாரில் 75 மில்லிமீட்டர் கப்பி, இடைத்தண்டில் 300 மில்லிமீட்டர் கப்பி. வேகம் நான்கில் ஒன்றாகி 360 சுற்று ஆகிறது. பொறியின் சுழல்தண்டில் 120, 90, 60 என மூன்று படிகளுள்ள கப்பி இருந்தது. இடைத்தண்டில் அதே படிக்கப்பியைத் திருப்பி வைத்தோம். சிறியதற்கு நேரே பெரியது. 180, 360, 720 என்று மூன்று வேகங்கள் கிடைத்தன. எந்தப் படியிலும் எதிரெதிர் விட்டங்களின் கூட்டுத்தொகை 180 ஆகவே இருப்பதால், ஒரே வார் மூன்று படிகளுக்கும் போதும். 180 சுற்றில் நம் 50 மில்லிமீட்டர் தடி நிமிடத்திற்கு 28 மீட்டர் ஓடுகிறது. உளிக்கு இதுவே உகந்தது.

வேகத்தைக் குறைக்க இக்காலத்தில் மின்னணுக் கருவிகள் உண்டே என்பீர்கள். உண்டு; நல்லவையுங்கூட. ஆனால் அவை மோட்டாரின் வேகத்தை நான்கில் ஒன்றாக்கும்போது அதன் திறனும் குறைந்துபோகும். கப்பியோ வேகத்தைக் குறைத்த அளவுக்குத் திருகுவிசையைப் பெருக்கித் தரும். நெம்புகோல் பாடத்தில் படித்த அதே நியாயந்தான். எங்கள் அரைக் குதிரைத்திறன் மோட்டார் தயங்காமல் வெட்டியது இதனாலேயே.

இனி வாரைப் பற்றி. மோட்டாரிலிருந்து இடைத்தண்டுக்கு வி-பெல்ட் போட்டோம். அது பள்ளத்தின் இரு பக்கங்களிலும் ஆப்புப்போல இறுகிப் பிடிக்கும். அடியைத் தொடலாகாது, தொட்டால் பிடிப்புப் போய்விடும். இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 400 மில்லிமீட்டர். இந்தத் தூரத்தில் வார் சிறு கப்பியைச் சுமார் 148 பாகை தழுவுகிறது. இன்னும் நெருக்கினால் தழுவல் குறைந்து வழுக்கும். மோட்டாரைக் கீல் வைத்த பலகையில் ஏற்றினோம். அதன் எடையே வாரை இறுக்கமாக வைத்துக்கொண்டது.

இடைத்தண்டிலிருந்து சுழல்தண்டுக்குப் பழையபடி தட்டையான தோல்வாரையே வைத்தோம். தோல்வாரை வெட்டிச் சுற்றிப் போட்டு முனைகளைத் தைத்துவிடலாம். முனையில்லாத வி-பெல்ட் போடுவதானால் சுழல்தண்டையே கழற்ற வேண்டும். மேலும், உளி திடீரென்று ஆழ்ந்து சிக்கிக்கொண்டால் தோல்வார் வழுக்கிவிடும், பொறி உடையாது. வழுக்குவதைக் குறையென்று எண்ணுவோர் இதை நினைப்பதில்லை.

தட்டைக் கப்பியில் ஒரு விந்தை உண்டு. அதன் நடுப்பகுதி சற்றே மேடாக இருக்கும். மேட்டிலிருந்து வார் சரிந்து விழும் என்றுதானே தோன்றும்? விழாது, மேட்டை நோக்கியே ஏறும். சரிவின்மேல் படிந்த வார் சற்று வளைகிறது. பின்னால் வந்துகொண்டிருக்கும் பகுதி மேட்டின் பக்கமாகச் சாய்கிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் வார் சிறிது மேலே படிந்து, நடுவை அடைந்ததும் நின்றுவிடுகிறது. எங்கள் மாணவர்கள் அட்டைக் கூம்பும் நாடாவும் கொண்டு இதைச் சோதித்தே நம்பினார்கள். ஆனால் கப்பிகள் நேராக இல்லாவிட்டால் எந்த மேடும் காப்பாற்றாது. இரு கப்பிகளின் விளிம்புகளைத் தொட்டு ஒரு நூலை இழுத்துப் பாருங்கள். நான்கு இடங்களிலும் நூல் படிய வேண்டும்.

வாரை மாட்டுமுன் மோட்டாரைத் தனியே ஓட்டித் திசையைப் பார்க்க வேண்டும். பொறியின்முன் நிற்பவரை நோக்கித் தடியின் மேற்பக்கம் வருவதே சரியான திசை. எதிராகச் சுழன்றால், மரையில் முறுக்கப்பட்டுள்ள சக் தானே கழன்று வந்துவிடக்கூடும். இணைப்புகளை மாற்றுவதும் நிலக்கம்பி இணைப்பதும் மின்தொழில் அறிந்தவரின் வேலை. மின்சாரம் போனதும் தானே விடுபட்டு, அது மீண்டும் வந்தாலும் பொத்தானை அழுத்தினாலன்றி ஓடாத ஸ்டார்ட்டரைக் கட்டாயம் போடுங்கள். மின்சாரம் போயிற்று என்று எண்ணிச் சக்கின்மேல் கைவைத்திருக்கும் மாணவனை நினைத்துப் பாருங்கள். இரண்டு வார்களுக்கும் கம்பிவலைக் கூண்டு அமைக்கும்வரை எங்கள் பொறியின் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பூட்டிச் சாவியை நானே வைத்திருந்தேன். மேல்துண்டும், தாவணியும், தொங்கும் பின்னலும் அந்த அறைக்குள் வரக்கூடாது.

கூண்டு முடிந்தபின் புஷ்களுக்கு எண்ணெயிட்டு, தடி எதுவும் வைக்காமல், 180 சுற்றில் அரை மணி நேரம் ஓட்டினோம். நிறுத்திவிட்டுப் புஷ் உள்ள இடத்தில் கைவைத்துப் பார்த்தோம், இளஞ்சூடுதான். அடுத்து 360, பிறகு 720. மறுநாள் காலையில்தான் தடியை மாட்டி உளியை வைத்தோம். சீவல் அறாமல் சுருண்டு சுருண்டு விழுந்தது.