மலையிலிருந்து வந்த நாவல்



காவிரிப் படுகையின் கதைகளைத் தமிழ் நிறையவே கண்டிருக்கிறது. ஆயினும், நாற்று நட்டவரும் வரப்பு வெட்டியவரும் தம் கதையைத் தாமே எழுதியது குறைவு. கூலி நெல்லை உயர்த்தக் கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டனர். அக்கொடுமையைக் கருவாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. வலிமை மிக்க நாவல் அது. எனினும், அதில் சேரியைக் காணும் கண்கள் பெரும்பாலும் தில்லியிலிருந்து வந்த கோபாலுடையவை. உள்ளிருந்தே ஒருவர் எழுதினால் என்ன நேரும்? அதற்குச் சான்று மேற்கு மலைத்தொடருக்கு அப்பால், கேரளத்தில் இருக்கிறது.

இடுக்கி மாவட்டம் குடயத்தூரில், மலை அரையர் என்னும் பழங்குடியில் 1940இல் பிறந்தவர் நாராயண். பள்ளிப் படிப்போடு அஞ்சல் துறையில் சேர்ந்து, 1995இல் ஓய்வு பெற்றார். பிறர் எழுதிய கதைகளில் தம் மக்கள் அரக்கர்களாகவும் அறிவிலிகளாகவும் காட்டப்பட்டதே அவரைப் பேனா எடுக்கச் செய்தது. அஞ்சலகப் பணிக்கிடையே உருவான 'கொச்சரேத்தி', எழுதி முடித்த பின்னும் பல ஆண்டுகள் அச்சேறாமல் காத்திருந்து, 1998இல் வெளிவந்தது. மறு ஆண்டே கேரள சாகித்திய அகாதமி விருதும் பெற்றது. கேதரின் தங்கம்மாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல் கிராஸ்வேர்டு விருது பெற்றது.

அந்நாவலில் வீரவசனம் இல்லை. குஞ்ஞிப்பெண்ணு என்னும் பெண்ணும், அவள் கணவனாகிய நாட்டு வைத்தியன் கொச்சுராமனும் மிளகு பயிரிட்டு வாழ்கின்றனர். விளைந்ததன் விலையை வணிகர் ஏய்க்கின்றனர். படித்து நகரத்தில் வேலைக்குப் போகும் மகள் கைவிட்டு விலகிப் போகிறாள். வெளியார் எவரும் இரங்கி எழுதியிருக்கக்கூடிய துயரம்தான் இது. ஆனால் அம்மக்களின் மருந்தறிவு, சடங்கு, தம்முள் எழும் பிணக்கு, பிழை அனைத்தையும் ஒளிக்காமல் சொல்ல உள்ளிருந்தவருக்கே உரிமையும் துணிவும் வாய்த்தன. இரக்கத்துக்கு உரியவராக நின்றவர்கள் அவர் எழுத்தில் முழு மனிதர்களாயினர். நாராயண் 2022இல் மறைந்தார்.

அவையோரே, ஒரு கையெழுத்துப்படி ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தது எழுதியவரின் குறையன்று. படிக்க வேண்டியவர்களின் குறை. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் ஒன்றுக்கு இதைவிடத் தக்க பாடம் இல்லை. மாதக் கூட்டம் ஒன்றையேனும், வயல் வேலை செய்யும் வீடுகளிலிருந்து வரும் முதல் எழுத்துக்கு ஒதுக்குக. திருத்துவதற்கு முன் ஒருமுறை முழுவதும் கேளுங்கள்.