லைட்டுக் கிளையும் 270 ரூபாய் மிச்சமும்



நான் மேடையில் பேசிப் பழகினவள் இல்லை. குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவதோடு சரி. "நீ செய்யிற லைட்டுக் கிளையைப் பத்திப் பேசு, அதையே மலர்லயும் போட்டுருவோம்"னு தலைவி அக்கா சொன்னாங்க. எப்படிச் செய்வது, வீட்டில் எங்கே வைப்பது எல்லாம் சொல்கிறேன். நான் செய்த ஒரு தப்பையும் சொல்லணும். அதை மறைச்சிட்டு இந்தக் கிளையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

மதுரையில் எங்க மதினி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். வரவேற்பு மேடைக்குப் பின்னாடி வெள்ளை வெள்ளையாகக் கிளைகள், நுனிக்கு நுனி பொடி பல்பு. எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க, நான் கிளையையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஊருக்கு வந்ததும் காய்ந்த கொய்யாக் கிளை ஒன்றை ஒடித்து, வெள்ளை பெயிண்ட் அடித்து, கிரேப் பேப்பரில் பூச் செய்து கட்டி, சீரியல் செட்டைச் சுற்றி வைத்தேன். பார்க்கிறவங்க எல்லாம் எனக்கொண்ணு, உனக்கொண்ணுன்னு கேட்டாங்க. மூணு மாசம் கழித்து அதன் அடியில் அரிசி மாவு கொட்டின மாதிரி கிடக்கு. என்னன்னு பார்த்தா, கிளை உளுத்துப் போயிருக்கு!

அப்புறம்தான் செயற்கைக் கிளைக்கு மாறினேன். நடுத்தண்டுக்குக் கனத்த கம்பி. சின்னக் கிளைகளுக்குக் கொத்தனார் கம்பி கட்டுகிற கட்டுக்கம்பியே போதும். அதன் மேல் பழைய நியூஸ் பேப்பரைக் கீறிப் பசை தடவிச் சுற்றணும். அடியில் தடிமனாகவும் நுனிக்குப் போகப் போக மெலிசாகவும் வரணும். ரெண்டு நாள் நிழலில் காயவிட்டுப் பெயிண்ட் அடிக்கணும். முதல் தடவை நான் நாலு பக்கமும் சமமாகக் கிளை வைத்துவிட்டேன். "துடைப்பம் எதுக்கு இவ்வளவு அழகா பண்ணிருக்க?"ன்னு வீட்டுக்காரர் கேட்டார். கோபம்தான், ஆனா அவர் சொன்னதும் சரிதான். நம்ம தெருவில் நிற்கிற வேப்பமரத்தைப் பாருங்க. ஒரு கிளை இங்கே பிரிந்தால், அடுத்தது ஒரு சாண் தள்ளித்தான் பிரியும். ஒரு பக்கம் கனத்து, ஒரு பக்கம் வெறிச்சென்று இருக்கும். அப்படி வளைச்சாத்தான் மரம் மாதிரி இருக்கும்.

இப்போ அந்தத் தப்புக்கு வருகிறேன். 2018-இல் குழுவில் 10,000 ரூபாய் கடன் வாங்கிச் சாமான் எடுத்தேன். கார்த்திகைக்கும் கிறிஸ்துமஸுக்குமாக 15 கிளைக்குச் சொல்லியிருந்தாங்க. ஒரு கிளை 350 ரூபாய். ஒரு சீரியல் செட் 90 ரூபாய், அதில் 40 பல்பு. என் கிளைக்கு 32 பல்பே தாராளம். மிச்சம் எட்டு பல்பு சும்மா தொங்கும். என் புத்தி எங்கே போச்சு பாருங்க. ஒவ்வொரு செட்டிலும் எட்டை வெட்டி எடுத்து, நாலு செட்டின் வெட்டினதைச் சேர்த்து அஞ்சாவது கிளைக்குப் போட்டேன். 12 செட்டில் 15 கிளை முடிஞ்சது. 270 ரூபாய் மிச்சம் பிடிச்சதாகக் குழுவில் பெருமையாகச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க.

வாங்கினவங்களும், "கடை லைட்டை விட உன் லைட்டு பளிச்சுன்னு இருக்கே"ன்னு சொன்னாங்க. அது ஏன் பளிச்சுன்னு எரியுதுன்னு நான் யோசிக்கலை.

தை பிறக்கும் முன்னே ஒரு டீச்சர் வீட்டிலிருந்து போன் வந்தது. திட்டலை. "ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போம்மா"ன்னு மட்டும் சொன்னாங்க. போய்ப் பார்த்தால் நாலு பூ கருகி, பக்கத்தில் இருந்த ஜன்னல் திரையில் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. அவங்க பேரப்பிள்ளை அந்த அறையில்தான் தூங்கியிருக்கான். புகை வாடை பட்டு எழுந்து சுவிட்சை அணைச்சிருக்காங்க. நான் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துட்டேன். தண்ணி குடுத்ததும் அவங்கதான்.

எங்க தெரு ஒயர்மேன் தம்பி பார்த்துட்டுத்தான் விளக்கினான். "அக்கா, வீட்டுக் கரண்டு 230 வோல்ட். 40 பல்பும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நின்னு அதைப் பங்கு போட்டுக்குது, ஆளுக்கு ஆறு வோல்ட்டுக்குள்ள. நீங்க எட்டைக் கழிச்சிட்டீங்க. மிச்சம் 32 பல்பு தலையில அந்தச் சுமையும் ஏறிருச்சு. ஏழு வோல்ட்டுக்கு மேல வாங்கினா சூடாகாம என்ன பண்ணும்?" என்றான். வெட்டின இடத்தில் நான் சுற்றியிருந்த டேப்பும் இளகிக் கிடந்தது.

குழுவைக் கூட்டினோம். ஒரு அக்கா, "ஒரு வீட்லதானே ஆச்சு, மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே, நாமளா போய் ஏன் கிளறணும்?"னு கேட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். என் மனசிலும் அதேதான் ஓடினது. கடன் தவணை இன்னும் ஏழு பாக்கி. ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. பதினாலு வீட்டில் எந்தெந்த அறையில் யார் யார் தூங்குறாங்கன்னு வரிசையா எண்ணிக்கிட்டே இருந்தேன்.

காலையில் ஊக்குநர் அக்காவும் நானும் கிளம்பினோம். நாலு நாள் அலைந்தோம். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினாங்க. ஒரு வீட்டில், "நல்லாத்தானே எரியுது"ன்னு தரவே மாட்டேன்னுட்டாங்க. உட்கார்ந்து பேசி, பல்பை மட்டும் கழற்றி வாங்கிட்டு வந்தோம். சிலருக்குப் பணமாகவே திருப்பிக் கொடுத்தோம், மத்தவங்களுக்கு வேற லைட் மாட்டிக் கொடுத்தோம். குழுவில் வட்டியைத் தள்ளலை, தள்ளவும் கூடாது. தவணையை மட்டும் ரெண்டு மாசம் தள்ளிக் கொடுத்தாங்க.

இப்போ நான் போடுவது செல்போன் சார்ஜரில் சொருகுகிற எல்இடி லைட். வெறும் 5 வோல்ட். தலைமுடி மாதிரி கம்பி, கிளையோடு கிளையாக மறைஞ்சிடும். சூடும் ரொம்பக் குறைவு. விலை கூடத்தான். ஆனா அதை நான் வெட்டுறதில்லை. நீளம் மிஞ்சினால் தண்டிலேயே நாலு சுற்று சுற்றிவிடுவேன். சார்ஜர் மட்டும் நல்லதாக வாங்குங்க, பழசு உடைஞ்சது வேண்டாம். கிரேப் பேப்பரையும் விட்டாச்சு, துணிப்பூதான். துணியும் நெருப்புப் பட்டா எரியும். அதனால் சாமி விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் வைக்காதீங்க. தூங்கப் போகும்போது அணைச்சிருங்க.

வைக்கிற இடம் என்று கேட்டால், பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு கிளை போதும். உடைஞ்ச மண்பானை இருந்தால் மணல் நிரப்பி அதில் நட்டு, மூலையில் தரையிலேயே வைங்க. வெளிச்சம் கீழிருந்து சுவரில் ஏறும், கூரை உசந்த மாதிரி தெரியும். சுவர் பெயர்ந்து கிடந்தாலும் அந்த நேரத்துக்குக் கண்ணுக்குப் படாது. எங்க வீட்டில் அப்படித்தான் ரெண்டு வருஷம் ஓடினது! ஏழு கலரில் மினுக்குவது கடைக்குச் சரி. வீட்டுக்கு மஞ்சள் வெளிச்சம், மினுக்காமல் எரிவதுதான் நல்லா இருக்கும். கொலு வைக்கிறவங்க படிக்குப் பின்னால் ரெண்டு கிளை வைங்க. வளைகாப்புக்கு நாற்காலிக்கு ரெண்டு பக்கமும் வைக்கலாம்.

அந்த டீச்சர் அடுத்த வருஷம் திரும்பவும் ஒரு கிளை கேட்டாங்க. காசு வேண்டாம்னேன். கையில் திணிச்சிட்டு, "திரைக்கும் சேர்த்துக் கழிச்சிக்கிட்டுதான் தர்றேன், பயப்படாத"ன்னு சிரிச்சாங்க.

கத்துக்கணும்னு நினைக்கிறவங்க செவ்வாய்க்கிழமை கூட்டமைப்புக் கட்டடத்துக்கு வாங்க. குறடு மட்டும் கொண்டு வந்தால் போதும், கம்பி என்கிட்ட இருக்கு. மேடை ஓரத்தில் ஒரு கிளை எரியுது பாருங்க. சாப்பிடப் போகும்போது கிட்ட வந்து பல்பைத் தொட்டுப் பார்த்துட்டுப் போங்க.