பறிக்கும் நாளை எது சொல்லும்?



ஆலிவ் வகைகளின் வளர்ச்சிப் பருவங்களும் அறுவடைக் காலமும் என்பது இன்றைய கருத்தரங்கின் பொருள். இதில் முதல் பாதி பற்றி நமக்குள் பெரிய சண்டை இல்லை. மொட்டு அவிழ்வது முதல் பழம் முதிர்வது வரை எண்ணிட்டுச் சொல்லும் பிபிசிஎச் அளவுகோல் ஆலிவுக்கு 2002இல் வந்துவிட்டது. மத்தியதரைக்கடல் நாடுகளில் மே மாதத்தை ஒட்டிப் பூக்கிறது. பூத்ததில் நூற்றுக்கு ஒன்றிரண்டே காயாக நிற்கிறது. கோடையில் கொட்டை முற்றிய பிறகுதான் சதையில் எண்ணெய் சேரத் தொடங்குகிறது. வழக்கு அதற்குப் பிறகு, எப்போது பறிப்பது என்பதில்தான்.

ஸ்பெயினின் ஹாயென் பகுதியில் உருவான முதிர்ச்சிக் குறியீட்டை நீங்கள் அறிவீர்கள். நூறு காய்களை எடுத்து, தோல் கரும்பச்சையாக இருந்தால் 0, தோல் கறுத்துச் சதை கொட்டை வரை ஊதாவாகியிருந்தால் 7 எனப் பிரித்துச் சராசரி காண்கிறோம். கண்ணும் கத்தியும் இருந்தால் போதும். அதனாலேயே இது எங்கும் பரவியது. ஆனால் இத்தாலியின் லெச்சீனோ வகை சீக்கிரமே, ஏறக்குறைய ஒருசேரக் கறுத்துவிடும். அதே தோப்பில் நிற்கும் ஃபிரான்தோயோ பிந்தி, முன்னும் பின்னுமாக நிறம் மாறும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்துப் பறிக்கப் போனால் ஒன்றில் ஏமாறத்தான் வேண்டும்.

நிறத்தைவிட அதிகம் ஏமாற்றுவது விழுக்காடு. குளிர் நெருங்க நெருங்க ஆலையில் எண்ணெய் விழுக்காடு ஏறுகிறது என்று விவசாயி காத்திருக்கிறார். பல சமயம் எண்ணெய் கூடுவதில்லை, காயில் நீர் குறைகிறது. ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் எண்ணெய் சேர்வது முன்பே நின்றுபோனது தெரியும். காத்திருந்த வாரங்களில் காய் உதிர்கிறது. கசப்பும் காரமும் தரும் பாலிஃபீனால்கள் குறைகின்றன. காய் மரத்திலேயே நெடுநாள் தங்கினால் மறு ஆண்டுக் காய்ப்பும் குறையக்கூடும். ஆலை வாசலில் எடைக்குப் பணம் தரும்வரை இதை யாரிடம் சொல்லி என்ன பயன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

தாமதத்தின் விலையும் வகைக்கு வகை மாறும். பாலிஃபீனால் மிகுந்த கொராத்தீனாவும் ஒலிக் அமிலம் மிகுந்த பிக்குவாலும் ஓரளவு பொறுக்கும். அர்பெக்கினாவுக்கு அந்தக் கையிருப்பு இல்லை. அதன் எண்ணெய் இயல்பிலேயே சீக்கிரம் கெடும். போதாக்குறைக்கு, வடமேற்கு அர்ஜென்டினாவின் வெப்பத்தில் அதன் ஒலிக் அமிலம் மேலும் சரிகிறது. ஊறுகாய்க்குப் போகும் செவில்லின் மன்சானில்யாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதைச் செப்டம்பர் வாக்கில் பச்சையாகவே பறித்துவிடுகிறார்கள்.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணெய் அளவைச் சொல்லும்போது ஈரம் நீக்கிய கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். வகையும் ஊரும் சொல்லாமல் அறுவடைத் தேதி எதையும் பரிந்துரைக்காதீர்கள். கொட்டை முற்றும் பருவத்தில் நீரைக் குறைத்துப் பாய்ச்சுவது பற்றியது முதல் கட்டுரை. அதைப் படிப்பவரை மேடைக்கு அழைக்கிறேன்.