பழைய வழியை விடும் மூளை



நம் எர்ணாகுளம் மாவட்டம் 1990-இல் முழு எழுத்தறிவு பெற்றது. இந்தியாவில் இதுவே முதல் மாவட்டம். எழுத்தைக் கற்றது எது? நம் மூளை. இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

இங்கிருந்து மட்டாஞ்சேரிக் கடைவீதிக்குப் போகிறோம். வழியில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். என்ன செய்வோம்? வேறு சந்தில் திரும்புவோம். இது சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் மூளைக்கு இது பெரிய வேலை.

உங்கள் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். அதற்குப் பின்னால் மூளையின் முன்பகுதி இருக்கிறது. பழையதை விட்டுப் புதியதற்கு மாற அது உதவுகிறது.

இது எப்படித் தெரிந்தது? 1996-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மார்மோசெட் என்ற சிறு குரங்குகளைச் சோதித்தார்கள். திரையில் இரண்டு படங்கள் தெரியும். சரியான படத்தைத் தொட்டால் பரிசு. பிறகு பரிசை மற்றப் படத்துக்கு மாற்றினார்கள். நல்ல குரங்கு சில தடவை ஏமாந்தது. பிறகு மாறிக்கொண்டது. முன்மூளையின் அடிப்பகுதி சேதமான குரங்கு பழைய படத்தையே திரும்பத் திரும்பத் தொட்டது. அதற்குக் கற்கத் தெரிந்தது. கற்றதை விடத்தான் முடியவில்லை.

மனிதருக்கும் இப்படி நேரும். 1963-இல் கனடாவில் பிரெண்டா மில்னர் என்ற அறிஞர் சீட்டுகளைப் பிரிக்கும் சோதனை செய்தார். முதலில் நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். பிறகு, சொல்லாமலே விதி மாறும். முன்மூளையில் அறுவை செய்துகொண்ட பலர் பழைய விதியையே பிடித்துக்கொண்டார்கள்.

தென்னையிலிருந்து விழுந்தவர், வண்டியில் அடிபட்டவர் நம் தெருவிலும் இருக்கலாம். காயம் ஆறிவிடும். பேச்சும் நன்றாக இருக்கும். ஆனால் சொன்னதையே சொல்வார். செய்த தவற்றையே செய்வார். "திமிர், பிடிவாதம்" என்று நாம் திட்டுகிறோம். சில சமயம் அது திமிர் அல்ல, காயம்.

அப்படிப்பட்டவரை அடிக்காதீர்கள். கேலி செய்யாதீர்கள். மருத்துவரிடம் காட்டி, நடத்தை மாறியதையும் சொல்லுங்கள். வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அதைத் தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நாம் கற்ற எழுத்து அவருக்கு வழி காட்டட்டும்.

வண்டி ஓட்டுபவர்களும் பின்னால் உட்காருபவர்களும் தலைக்கவசம் அணியுங்கள். நெற்றிக்குப் பின்னால் இருப்பதைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.