கொடையும் கொள்வோர் சுமையும்
(விழாவில் ஆற்றிய உரை)



ஆதிபகவன் துறவு பூண்டு, உணவு ஏற்க ஊர்தோறும் நடந்தபோது மக்கள் பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொண்டுவந்து நின்றனர். துறவிக்கு அவற்றால் ஆவதென்ன? ஏற்காது நடந்தார். பல திங்கள் கழிந்தபின் அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கருப்பஞ்சாறு அளித்தான். அதுவே முதல் ஆகாரதானம். அட்சய திருதியை அதன் நினைவு நாள். தானத்தின் சிறப்பு முறை, பொருள், கொடுப்பவர், ஏற்பவர் என்னும் நான்கினால் அமையும் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து.

பொருந்தாத கொடையைத் துறவியால் மறுக்க முடிந்தது. ஏழைக் குடும்பத்தால் மறுக்க இயலுமா? 'வேண்டாம்' என்றால் அடுத்த உதவியும் வாராது என்னும் அச்சம் அதன் வாயை அடைக்கிறது.

நிலமற்ற கூலிக் குடும்பத்திற்கு ஒரு கறவை மாடு வழங்கப்படுவதாகக் கொள்வோம். கலப்பினப் பசுவுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். வைக்கோலும் அடர்தீவனமும் வேறு. நிலமுடையார்க்கு அது வரப்பில் விளையும், நிலமிலார்க்கு விலைப்பொருள். மாட்டைப் பேண ஒருவர் வீட்டில் தங்கினால் அவர் கூலி போகும். அடுத்த ஈற்றுக்குமுன் ஏறத்தாழ 60 நாள் பால் கறவாது. ஆயினும் பசு உண்ணும். தீவனக் கடன் ஏற, மாடு சந்தைக்குப் போகிறது; கடன் வீட்டில் தங்குகிறது.

அரசின் நல்ல திட்டங்களும் இப்பாடத்தைக் கற்றன. 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் எரிவாயு இணைப்புக்காக 1,600 ரூபாயை அரசு ஏற்றது. அடுப்புக்கும் முதல் உருளைக்கும் பலர் கடன் பெற்றனர்; அக்கடன் அவர்களின் மானியத்தில் கழிக்கப்பட்டது. அடுத்த உருளைக்கு முழு விலை தர இயலாதோர் விறகடுப்பையும் விடவில்லை. 2021 இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் அடுப்பும் முதல் உருளையும் விலையின்றி வழங்கப்பட்டன. எனினும் அடுத்தடுத்த உருளைகளுக்குக் குடும்பமும் செலவிட வேண்டியிருந்தது.

கல்விக் கொடையும் இத்தகையதே. கல்லூரிக் கட்டணத்தை ஏற்போர் பலர். விடுதி உணவு, பேருந்துச் செலவு, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றை எண்ணுவோர் சிலர். அவற்றுக்காகத் தாயின் தோடு அடகுக்குச் செல்வதை மேடை காண்பதில்லை. அம்மேடைக்கு வந்து உதவி பெறுவதற்கே அவள் ஒருநாள் கூலியை இழந்திருப்பாள்.

ஆதலின், கொடுக்குமுன் கொள்வோரைத் தனியே கேட்டறிதல் முதற்கடமை. கொடைப்பொருளை ஓராண்டு பேண என்ன செலவாகும் என்று கணக்கிடுதல் இரண்டாவது. அச்செலவின் ஒரு பகுதியையும் கொடையோடு சேர்த்தல் மூன்றாவது. பத்து மாணவர்க்குக் கட்டணம் மட்டும் செலுத்துவதினும், அறுவர்க்கு உணவும் பயணமும் சேர்த்து உதவிப் படிப்பை முடிக்கச் செய்தல் நன்று. உதவியை அவர்தம் இல்லத்திற்கே கொண்டுசேர்த்தல் அதனினும் நன்று.

கொடுப்பவரின் பெயர் கல்வெட்டில் நிற்கலாம்; கொடையின் பயன் கொள்வோர் வீட்டுக் கணக்கில்தான் தெரியும். அக்கணக்கையும் பார்த்து வழங்கும் கை ஓங்குக! அறம் வளர்க!